வீல்சேரோடு ஸ்பெயின் போக: ரூம் புக் பண்ணும் முன் கேட்க வேண்டிய அளவுகள்

அம்மாவின் வீல்சேர் 64 சென்டிமீட்டர் அகலம். பார்சிலோனாவில் நாங்கள் முதலில் எடுத்த அபார்ட்மென்டின் பாத்ரூம் கதவு 58 சென்டிமீட்டர். விளம்பரத்தில் வீல்சேர் படம் போட்டிருந்தது, லிஃப்ட் உண்டு என்று எழுதியிருந்தது, நானும் தனியாக மெசேஜ் அனுப்பி "வீல்சேர் வருமா" என்று கேட்டேன், "தாராளமாக வரும்" என்று பதிலும் வந்தது. போய் இறங்கினால் தெருவாசலுக்கும் லிஃப்டுக்கும் நடுவில் மூன்று பளிங்குப் படிகள். "மூணு படிதானல, யாரையாவது ஒரு கை பிடிக்கச் சொல்லு" என்றாள் அம்மா. பக்கத்துக் கடைக்காரர் ஒருவரும் நானுமாகத் தூக்கி ஏற்றினோம்.

படியைக்கூடச் சமாளித்துவிட்டோம். பாத்ரூமுக்கு வழியில்லை. வாசல் வரை வீல்சேரில் கொண்டுபோய், அங்கிருந்து நான் அம்மாவைத் தாங்கிப் பிடித்து உள்ளே நடத்த வேண்டியிருந்தது. ஸ்ட்ரோக் வந்ததிலிருந்து இடதுபக்கம் பலமில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் பையை எடுத்து வைக்கும்போது பார்க்கிறேன், காலையில் நிரப்பிக் கொடுத்த தண்ணீர் பாட்டில் அப்படியே இருக்கிறது. ராத்திரி பாத்ரூம் போக வேண்டியிருக்கக் கூடாது என்று மதியத்துக்கு மேல் அம்மா தண்ணீரே குடிக்கவில்லை. ஜூன் மாத வெயிலில்.

மறுநாளே வேறு ஹோட்டல் தேடி மாறினோம். அந்த ஒரு நாள் தேடலிலும், அதற்கப்புறம் போன இன்னொரு பயணத்திலும் கற்றுக்கொண்டதைத்தான் வரிசையாக எழுதுகிறேன். விசா, இன்ஷூரன்ஸ், மருந்துச் சீட்டு பற்றியெல்லாம் எழுதப் போவதில்லை, அது உங்களுக்கே தெரியும்.

1. முதலில் உங்கள் வீல்சேரை அளந்துகொள்ளுங்கள்

மூன்று மீட்டர் ஸ்டீல் டேப் போதும். தையல் டேப் வேண்டாம், தொய்ந்து தப்பு அளவு காட்டும். சீட் அகலத்தை அளந்து ஏமாறாதீர்கள், கையால் தள்ளும் வளையத்தின் வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை அளக்க வேண்டும். நீளத்தை ஆளை உட்காரவைத்து, கால்களைக் கால்பலகையில் வைத்து, கட்டைவிரல் நுனி வரை அளக்க வேண்டும். தரையிலிருந்து சீட்டின் உயரம், மடித்தால் எவ்வளவு, எடை எவ்வளவு, இதையெல்லாம் போனில் ஒரு குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். ஏர்லைன், ஹோட்டல், டாக்ஸி, ரயில் என்று எல்லோரும் இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்பார்கள்.

2. ஊர்

முதல் பயணத்துக்கு வலென்சியா. இது என் உறுதியான கருத்து. ஊர் தட்டை. 1957 வெள்ளத்துக்குப் பிறகு துரியா ஆற்றை ஊருக்கு வெளியே திருப்பிவிட்டு, பழைய ஆற்றுப் படுகையை நீளமான பூங்காவாக மாற்றியிருக்கிறார்கள். அதில் வீல்சேரைத் தள்ளிக்கொண்டே அறிவியல் நகரம், மீன் காட்சியகம் வரை போகலாம், ஒரு சிக்னலில்கூட நிற்க வேண்டாம். பார்சிலோனாவும் நல்ல ஊர்தான், 1992-இல் பாராலிம்பிக்ஸ் நடந்த இடம், நடைபாதை விளிம்புகள் பெரும்பாலும் சரிவாக இறங்குகின்றன.

லிஸ்பன் அழகு, ஆனால் மேடும் பள்ளமும், அதன்மேல் வழவழப்பான சின்னச் சின்னச் சுண்ணாம்புக் கல் பதித்த நடைபாதையும். கையால் தள்ளும் வீல்சேருக்கு முதல் தடவையே அங்கே போக வேண்டாம். ரோமின் பழைய தெருக்களில் கருங்கல் பாவிய தரை, முன்சக்கரம் இடுக்கில் சிக்கும். முன்னால் மாட்டுகிற பெரிய ஒற்றைச் சக்கரம் இருந்தால் பாதிக் கஷ்டம் குறையும். வெனிஸில் பாலங்கள்தான் பிரச்சினை, நானூறுக்கு மேல் இருக்கின்றன, பெரும்பாலானவற்றில் படி. ஆனால் 1, 2 எண் தடங்களில் ஓடும் படகுகளில் வீல்சேர் ஏறும், ஒவ்வொரு துறையிலும் இறங்கி அந்தத் தீவைச் சுற்றிவிட்டுத் திரும்பப் படகேறலாம். ஏதென்ஸில் அக்ரோபோலிஸ் குன்றுக்கே 2020 டிசம்பரில் புது லிஃப்ட் திறந்தார்கள், அதனால் "மலைமேல் இருக்கிறது, நமக்கில்லை" என்று விட்டுவிடாதீர்கள்.

3. தங்குமிடம் (இங்கேதான் நான் தவறினேன்)

புக்கிங் தளங்களில் இருக்கும் வீல்சேர் ஃபில்டரை முதல் சலிப்புக்கு மட்டும் பயன்படுத்துங்கள். அந்தக் குறியை யார் போட்டார்கள், எதை வைத்துப் போட்டார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை. லிஃப்ட் இருந்தால் போதும் என்று நினைத்துப் பல வீட்டுக்காரர்கள் போட்டுவிடுகிறார்கள். பொய் சொல்லும் எண்ணம் அவர்களுக்கு இல்லை, படியேறும்போது படியைக் கவனிக்காத கால்கள் அவர்களுடையவை.

பார்சிலோனாவின் எய்ஷாம்ப்ளா பகுதியில் நூறு வருடக் கட்டடங்கள் நிறைய. அங்கே லிஃப்ட் பின்னால் பொருத்தப்பட்டது, அதனால் பல வீடுகளில் வாசலில் இரண்டு மூன்று படி ஏறித்தான் லிஃப்டைத் தொட முடியும். மாடி எண்ணும் நம் கணக்கில் இருக்காது. தரைத்தளத்துக்கு மேல் "என்ட்ரெசுவேலோ", அதற்கு மேல் "பிரின்சிபால்", அப்புறம்தான் ஒன்றாம் மாடி. லிஃப்ட் பழுதானாலும் முதல் மாடிதானே என்று நினைத்தால், அது மூன்றாவது அடுக்காக இருக்கும்.

அதனால் "வீல்சேர் வருமா" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு "வரும்" என்ற பதில்தான் வரும். எண்களைக் கேளுங்கள். நான் இப்போது அனுப்பும் மெசேஜ் கிட்டத்தட்ட இப்படி இருக்கும், மொழிபெயர்ப்பு ஆப்பில் போட்டு ஸ்பானிஷில் அனுப்புங்கள், பதில் சீக்கிரம் வரும்:

"என் அம்மா வீல்சேரில் வருகிறார், அகலம் 64 செ.மீ., நீளம் 105 செ.மீ. தெருவிலிருந்து லிஃப்ட் வரை எத்தனை படி? லிஃப்ட் கதவு எவ்வளவு அகலம், உள்ளே எவ்வளவு ஆழம்? பாத்ரூம் கதவை முழுக்கத் திறந்தால் இடைவெளி எவ்வளவு, கதவு உள்ளே திறக்குமா வெளியேயா? குளிக்கும் இடத்தில் தரை சமமா, விளிம்பு இருக்கிறதா, இருந்தால் எத்தனை செ.மீ.? டாய்லெட்டின் எந்தப் பக்கம் காலி இடம், எவ்வளவு? கட்டில் உயரம் என்ன? பாத்ரூம் கதவில் டேப்பைப் பிடித்து ஒரு படம் அனுப்ப முடியுமா?"

கடைசிக் கேள்விதான் முக்கியம். டேப்போடு படம் அனுப்புகிறவரை நம்புங்கள். "கவலைப்படாதீர்கள், எல்லாம் வசதியாக இருக்கும்" என்று மட்டும் சொல்கிறவரை விட்டுவிடுங்கள். அன்றைக்கு ஏழு ஹோட்டலுக்கு எழுதினேன், ஒரே ஒரு ரிசப்ஷன் பெண் நான்கு படம் அனுப்பினார். பாத்ரூம் கதவின் குறுக்கே மஞ்சள் டேப், அதில் 82 என்ற எண்ணுக்கு நேராக அவருடைய கட்டைவிரல். அங்கேதான் மாறினோம்.

எந்த எண் வந்தால் சரி? ஸ்பெயினின் கட்டட விதியில் வீல்சேருக்கான கதவு இடைவெளி குறைந்தது 80 செ.மீ., வீல்சேர் முழு வட்டம் திரும்ப 150 செ.மீ. விட்டம், டாய்லெட் சீட் உயரம் 45 முதல் 50 செ.மீ., பக்கத்திலிருந்து நகர்ந்து உட்கார 80 செ.மீ. காலி இடம் என்று இருக்கிறது. சரிவுப் பாதை மூன்று மீட்டருக்குள் என்றால் 10 சதவீதச் சரிவு வரை, அதைவிட நீண்டால் 8, பிறகு 6. பழைய கட்டடத்தில் இதெல்லாம் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. 2010-இல் இந்த விதிகள் திருத்தப்பட்டதால், அதற்குப் பிறகு கட்டிய ஹோட்டலாகப் பார்த்துத் தேடுவதுதான் என் வழக்கம். ஐம்பது அறைக்குள் இருக்கும் புது ஹோட்டலில்கூட ஓர் அறையாவது இப்படி இருக்க வேண்டும், நூறு வரை என்றால் இரண்டு. ஒன்று இரண்டுதான் என்பதால் அது சீக்கிரம் போய்விடும். புக் பண்ணியதும் போன் செய்து, அதே அறையை உங்கள் பேரில் ஒதுக்கியதாக மெயில் வாங்கிக்கொள்ளுங்கள். "கேட்டுக்கொண்டதாகக் குறித்துள்ளோம்" என்பது வேறு, "உறுதி" என்பது வேறு.

போனில் பேச நாலு வார்த்தை: வீல்சேர் என்றால் "சியா தே ருவேதாஸ்", வீல்சேருக்கு ஏற்ற அறை "அபித்தாசியோன் அதப்தாதா", படி "எஸ்கலோன்", தரையோடு சமமான ஷவர் "துச்சா ஆ ராஸ் தே சுவேலோ". வெறும் "துச்சா" என்று சொன்னால் பத்து சென்டிமீட்டர் விளிம்பு வைத்த ஷவர் தொட்டியும் அதில் அடங்கும்.

அப்புறம், முகவரி கிடைத்தால் ஸ்ட்ரீட் வியூவில் வாசலைப் பாருங்கள். கண்ணாடிக் கதவு வழியாகப் படி தெரிந்துவிடும். நான் இதை முன்பே செய்திருந்தால் அம்மா இரண்டு நாள் தாகத்தோடு இருந்திருக்க மாட்டாள்.

4. விமானம்

புறப்பாட்டுக்கு 48 மணி நேரம் முன்பு ஏர்லைனிடம் சொல்லிவிட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1107/2006 விதிப்படி விமான நிலைய உதவிக்குப் பணம் கிடையாது, வீல்சேர் மாதிரி இரண்டு உபகரணம் வரை இலவசம். இந்தியாவிலிருந்து கிளம்பும்போதும் ஐரோப்பிய ஏர்லைனில் ஐரோப்பாவுக்குப் போனால் ஏர்லைன் தர வேண்டிய உதவி இதே விதிக்குள் வரும்.

வீல்சேர் உதவிக்கான கோட் (குறியீடு) சரியாகச் சொல்லுங்கள். டபிள்யூ.சி.எச்.ஆர். என்றால் படி ஏறுவார், தூரம் மட்டும் நடக்க மாட்டார். டபிள்யூ.சி.எச்.எஸ். என்றால் படி ஏற முடியாது, விமானத்துக்குள் சீட் வரை நடப்பார். டபிள்யூ.சி.எச்.சி. என்றால் சீட் வரை கொண்டுபோய் உட்காரவைக்க வேண்டும். டிக்கெட் போட்டுத் தருகிறவர்கள் பழக்கத்தில் முதலாவதைப் போட்டுவிடுவார்கள், பார்த்துத் திருத்தச் சொல்லுங்கள்.

சொந்த வீல்சேரை விமான வாசல் வரை கொண்டுபோய் அங்கேயே டேக் போடச் சொல்லலாம். குஷனையும் கால்பலகைகளையும் கழற்றிக் கையோடு எடுத்துக்கொண்டு, நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உடைந்து வந்தால் விமான நிலையத்தைவிட்டு வெளியேறும் முன் புகார் எழுதி வாங்குங்கள், எழுத்துப் புகாருக்கு மான்ட்ரியல் ஒப்பந்தப்படி ஏழு நாள்தான். அந்த ஒப்பந்தத்தின்படி பொருளுக்கான இழப்பீட்டு உச்சவரம்பு 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகு), விலையுயர்ந்த பவர் சேருக்கு அது காணாது. செக்-இன் செய்யும்போது கூடுதல் மதிப்பு அறிவிக்கும் வழி இருக்கிறது, கேளுங்கள். பவர் சேர் என்றால் பேட்டரியின் வாட்-மணி எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொண்டுதான் ஏர்லைனுக்குப் போன் செய்ய வேண்டும்.

5. ஊருக்குள்

பார்சிலோனா நகரப் பேருந்துகளில் சரிவுப் பலகை உண்டு, எங்கள் சுற்றலில் பாதி பேருந்தில்தான். மெட்ரோவில் சில ஸ்டேஷன்களில் லிஃப்ட் இல்லை, ஏறுமிடம், இறங்குமிடம், மாறுமிடம் மூன்றையும் வரைபடத்தில் பாருங்கள். விமான நிலையத்திலிருந்து வரும் எல்-9 தடத்தில் லிஃப்ட் பிரச்சினை இல்லை. வீல்சேர் அப்படியே ஏறும் டாக்ஸிக்கு "யூரோடாக்ஸி" என்று கேளுங்கள். சக்ராதா ஃபமீலியா தேவாலயத்தின் உள்மண்டபத்துக்கு வீல்சேர் போகும், கோபுரங்களுக்குப் போகாது.

வலென்சியாவுக்கு ரயிலில் மூன்று மணி நேரம் போல ஆகும். டிக்கெட்டில் வீல்சேர் இடம் தனியாக இருக்கிறது, "பிளாசா ஆச்சே" என்பார்கள். டிக்கெட் வாங்கியது மட்டும் போதாது, ஏற்றி இறக்கும் உதவியைத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும், ஸ்டேஷன்களில் அதை ஸ்பெயினின் ரயில் பாதை நிறுவனமான ஆதிஃபின் "அசேர்கா" சேவை செய்கிறது. ஐரோப்பிய ரயில் விதிப்படி 24 மணி நேரம் முன்பு சொன்னால் போதும். இத்தாலி போனால் இதே வேலைக்கு "சாலா ப்ளூ".

6. கடல்

இதை விட்டுவிடாதீர்கள். பார்சிலோனாவின் நோவா இகாரியா கடற்கரையில் கோடைகாலத்தில் உதவியோடு குளிக்கும் சேவை இலவசமாக நடக்கிறது. மிதக்கும் நாற்காலி இருக்கிறது, மணலில் உருளப் பெரிய சக்கரம், இரண்டு பக்கமும் மிதவை. பயிற்சி பெற்றவர்கள் கூடவே தண்ணீருக்குள் வருவார்கள். நேரத்தை மட்டும் கேட்டுக்கொண்டு போங்கள். கிரேக்கத்தில் பல கடற்கரைகளில் தண்டவாளத்தில் ஓடும் சீட்ராக் என்ற நாற்காலி இருக்கிறது, சூரிய சக்தியில் ஓடுவது, ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு தானே கடலுக்குள் போய் வரலாம்.

மிதக்கும் நாற்காலியில் அம்மா நைட்டியோடு உட்கார்ந்தாள். அலை மடியைத் தாண்டியதும் வலது கையால் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டு, உதட்டை நக்கிப் பார்த்துவிட்டு, "திருச்செந்தூரைவிட உப்பு ஜாஸ்திடா" என்றாள். ஸ்ட்ரோக்குக்குப் பிறகு ஆறு வருடம் கழித்துக் கடலில் இறங்கியது அன்றைக்குத்தான். அரை மணி நேரம் வெளியே வர மாட்டேன் என்றாள், அந்த இரண்டு பையன்களும் பொறுமையாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

பிற்சேர்க்கை 1: பவர் சேர் பயன்படுத்தும் ஒருவர் எழுதியிருக்கிறார், கதவு அளவெல்லாம் சரியாக இருந்தும் லிஃப்டின் உள் ஆழம் போதவில்லையாம். ஒரே கதவோ எதிரெதிரே இரண்டு கதவோ உள்ள லிஃப்டுக்கு, சின்னக் கட்டடங்களில், விதி குறைந்தது 100-க்கு 125 செ.மீ. பவர் சேர் நீளம் 120-ஐ நெருங்கினால், கூட வருகிறவர் படியில்தான் வர வேண்டியிருக்கும். மேலே மெசேஜில் ஆழத்தைச் சேர்த்தது அவர் சொன்ன பிறகுதான்.

பிற்சேர்க்கை 2: இந்தியாவின் யூ.டி.ஐ.டி. (மாற்றுத்திறனாளி அடையாள) அட்டை அங்கே செல்லுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். விமான நிலைய உதவிக்கு எந்த அட்டையும் தேவையில்லை. நுழைவுச்சீட்டுச் சலுகை இடத்துக்கு இடம் மாறும், அட்டையோடு ஆங்கிலத்தில் ஒரு டாக்டர் சான்றிதழும் வைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஊனமுற்றோர் அட்டை 2028 ஜூனில்தான் நடைமுறைக்கு வர வேண்டும், அதுவும் அங்கே வசிப்பவர்களுக்கு.

பிற்சேர்க்கை 3: ஆளைத் தூக்கும் ஹாய்ஸ்ட் பயன்படுத்துகிறவர்கள் கட்டிலுக்கு அடியில் இடம் இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். ஸ்பெயினில் பல கட்டில்கள் அடியில் பெட்டி மாதிரி மூடியிருக்கும், "கனப்பே" என்பார்கள், ஹாய்ஸ்டின் கால்கள் உள்ளே நுழையாது. ஒரு வாசகி இதனால் முதல் ராத்திரியைச் சோபாவில் கழித்திருக்கிறார். குறைந்தது 15 செ.மீ. இடைவெளி கேளுங்கள், அதற்கும் டேப்போடு படம்.