டைட் எண்ட் ஆட்டத்தைப் பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல் பார்க்கப் புதிதாக வரும் நண்பர்களோடு ஒவ்வொரு சீசனும் உட்காருகிறேன். டைட் எண்ட், அதாவது முன்வரிசையின் ஓரத்தில் நின்று எதிரணி ஆட்களைத் தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்கிற ஆள், இவர் விஷயத்தில் எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். டவுன் கணக்கு, ஸ்கோர் கணக்கெல்லாம் இரண்டு ஆட்டத்தில் தானாகப் பிடிபட்டுவிடும், அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

கேட்ச் எண்ணிக்கையை வைத்து எடை போடுவது

இன்னும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். 2020 ஜனவரியில், என்எஃப்எல்லின் இரு பிரிவுகளில் ஒன்றான என்எஃப்சியின் இறுதி ஆட்டம், சான் பிரான்சிஸ்கோ 37-20 என்று கிரீன் பேயை வென்றது. சான் பிரான்சிஸ்கோவின் டைட் எண்ட் ஜார்ஜ் கிட்டிலுக்கு ஒரே ஒரு கேட்ச். "என்னங்க, கிட்டில் ஆளையே காணோம்" என்றார் பக்கத்தில் இருந்த நண்பர். அன்று சான் பிரான்சிஸ்கோ பந்தோடு ஓடியே 285 யார்டு எடுத்தது, ரஹீம் மோஸ்டர்ட் மட்டும் 220 யார்டு, 4 டச்டவுன், குவாட்டர்பேக் கராப்பலோ பந்தை எறிந்ததே 8 தடவைதான். மோஸ்டர்ட் ஓட வழி எப்படித் திறந்தது? முன்வரிசையோடு சேர்ந்து கிட்டிலும் ஆட்களைத் தள்ளிக்கொண்டு இருந்தார்.

முன்வரிசைத் தடுப்பாளர்களில் ஓரமாக நிற்கும் டேக்கிளுக்குப் பக்கத்தில் டைட் எண்ட் நின்றாலே எதிரணி காக்க வேண்டிய இடைவெளி ஒன்று கூடிவிடுகிறது. இரண்டு டைட் எண்டை இறக்கினால் இன்னும் சிக்கல்: கனமான லைன்பேக்கர்களை (எதிரணி முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவர்கள்) வைத்தால் பாஸில் அடி வாங்குவார்கள், வேகமான பின்வரிசை ஆட்களைக் கூட்டினால் ஓட்டத்தில் நசுங்குவார்கள். பிளே ஆக்‌ஷன் (ஓடப்போவது போல ஏமாற்றிவிட்டுப் பந்தை எறிவது) பலிப்பதும் டைட் எண்டால்தான், ஏனென்றால் இவர் நிஜமாகவே பிளாக் செய்கிறவர், அதாவது ஆட்களைத் தள்ளி மறிக்கிறவர் என்று லைன்பேக்கர் நம்பினால்தான் ஓட்டத்தைத் தடுக்க முன்னால் பாய்வார், அவர் விட்டுப்போன இடத்துக்குள் இவர் நழுவிப் போய்ப் பந்தை வாங்குவார். அந்த கேட்சுக்கான வேலை, யாரும் கவனிக்காத முந்தைய பிளாக்குகளில் நடந்து முடிந்திருக்கும். கேட்சை மட்டும் எண்ணுகிறவருக்கு இதில் எதுவுமே கண்ணில் படாது. ஆட்டத்தின் ஒரு கால் பகுதி முழுக்கப் பந்தை விட்டுவிட்டு டைட் எண்டின் முதல் இரண்டு காலடிகளை மட்டும் பாருங்கள், தயவுசெய்து.

எல்லோரையும் ஒரே தராசில் வைப்பது

டைட் எண்ட் டிராவிஸ் கெல்சி 2020இல் 1,416 யார்டு பிடித்தார், பல தடவை முன்வரிசையை விட்டுத் தள்ளி, பந்தைப் பிடிப்பதையே முக்கிய வேலையாகக் கொண்ட ரிசீவர் போல நின்றபடி. வரிசையில் கையை ஊன்றி நின்று எதிரணி முன்வரிசையின் ஓர ஆளான டிஃபென்சிவ் எண்டோடு மல்லுக்கட்டுகிறவரை அவரோடு ஒப்பிடுவது நியாயமே இல்லை.

முதல் வருடத்திலேயே தீர்ப்பு

கிட்டில் 2017இல் 515 யார்டு, மறு வருடம் 1,377. பிளாக்கும், பந்தை வாங்க ஓடும் பாதையான ரூட்டும் சேர்த்துக் கற்க நேரம் எடுக்கும். அறிமுக வருடமான 2024இலேயே 112 கேட்ச் பிடித்த பிராக் பவர்ஸ் விதிவிலக்கு.

சட்டை எண்ணை நம்புவது

வேண்டாம். எந்த இடத்தில் ஆடுகிறவருக்கு எந்த எண் என்ற விதி 2021இல் தளர்ந்துவிட்டது, டைட் எண்டான கைல் பிட்ஸ் போடுவது 8.

தவறைக் காட்டும் கொடி விழுந்ததும் நடுவரைத் திட்டுவது

அதே பக்கம் வெளியே ஒரு ரிசீவரும், ஆட்டம் தொடங்கும் கோட்டின் மேலேயே நின்றுவிட்டால், உள்ளே நிற்கும் டைட் எண்ட் பாஸ் வாங்கத் தகுதி இழக்கிறார். கத்துவதற்கு முன், அந்த ரிசீவர் ஓரடி பின்னால் நின்றாரா என்று ரீப்ளேயில் பாருங்கள்.