லிப்ராட்ரானில் கமரா திசை: தவிர்க்க வேண்டிய பிழைகள்

போன கிழமை ஒரு தம்பி மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தான். "அண்ணை, உப்புவெளிக் கடற்கரை, விடியக்காலமை. ஆனா கடல் பக்கம் வெளிச்சத்தைக் காணேல்ல." வளிமண்டலத்தில் ஒளி பரவுவதைக் கணிக்கும் லிப்ராட்ரான் மென்பொருளில் செய்த படம் அது. கோப்பைத் திறக்க முன்னமே எனக்கு விளங்கிவிட்டது. இதே பிழையில் இரண்டு கிழமை தொலைத்தவன் நான். பாகை, ரேடியன் குழப்பங்களை விடுவோம்; அவை ஓடவிட்டவுடனே தெரிந்துவிடும்.

நிற்கும் இடமா, பார்க்கும் திசையா?

சூரியனின் திசைக்கோணம் ஃபை0: தெற்கே 0, மேற்கே 90, வடக்கே 180, கிழக்கே 270. கமராவுக்கு ஃபை. கையேட்டில் 90க்கு நேரே 'உணரி கிழக்கில்' என்றிருக்கும் (உணரி என்றால் கமரா). 'மேற்கு நோக்கி' என்பது அடைப்புக்குள். அவசரக்காரன் முதல் பாதியோடு நின்றுவிடுவான். கிழக்கே பார்க்க வேண்டிய கமராவுக்கு 90 போடுவான். வேண்டியது 270.

ஜூன் கடைசியில் இங்கே திருகோணமலையில் சூரியன் உதிப்பது வடக்கிலிருந்து வலஞ்சுழியாக ஏறத்தாழ 66 பாகையில். 180ஐக் கூட்டினால் 246, அதுதான் ஃபை0. சூரியனைப் பார்க்கும் கமராவுக்கும் அதே 246. நான் கமராவுக்கு மட்டும் 66 எழுதினேன். முதுகைக் காட்டிக்கொண்டு உதயம் பார்த்திருக்கிறேன்!

இன்னும் எரிச்சல் தருவது வேறு. முதலில் தூசி, உப்பு எதுவும் இல்லாத வெறும் காற்றில் சோதித்தேன். படம் வடிவாக வந்தது. காற்று மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பது, அதாவது ரேலி சிதறல், முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே அளவு. சூரியன் அடிவானத்தை ஒட்டி நிற்கையில் இரு பக்க வானமும் கிட்டத்தட்ட ஒரே பிரகாசம். பிழை அதற்குள் ஒளிந்துகொண்டது. அதை நம்பிக் கடலுப்புத் துகள்களைச் சேர்த்து, மிஸ்டிக்கில் (ஒளித்துகள்களை ஒவ்வொன்றாகப் பின்தொடரும் லிப்ராட்ரான் பகுதி) நாட்கணக்காக ஃபோட்டான்களை ஓடவிட்டேன். துகள்கள் ஒளியை முன்பக்கமே அள்ளி வீசும். சூரியனைச் சுற்றி வரவேண்டிய பளபளப்பு வரவில்லை. நான் சந்தேகப்பட்டதோ துகள்களை. பருமனை மாற்றினேன், ஈரப்பதத்தை மாற்றினேன், திசையை மட்டும் தொடவில்லை.

இப்போதெல்லாம் துகள்களோடு, ஃபைக்கும் ஃபை0க்கும் வித்தியாசம் 0 வைத்து ஒரு தரம், 180 வைத்து ஒரு தரம் சின்னதாக ஓட்டுவேன். 0தான் பிரகாசமாக வரவேண்டும்.

யூமுவின் குறி

யூமு என்பது கமராவின் செங்குத்துக் கோணத்தின் கோசைன். நேர் என்றால் கமரா கீழே பார்க்கும், மறை என்றால் வானத்தை.

நண்பகல் சூரியன் தெற்கே என்ற நினைப்பு

தம்பியின் நண்பகல் கோப்பில் இதுவும் இருந்தது. ஐரோப்பிய உதாரணத்திலிருந்து நகலெடுத்த ஃபை0 = 0. திருகோணமலை வட அகலாங்கு 8.6. ஏப்ரல் 12ஐ ஒட்டிச் சூரியன் உச்சந்தலைக்கு மேலே வரும்; பிறகு ஆகஸ்ட் முடிவு வரை நண்பகலில் வடக்கேதான். ஜூன் கடைசியில் உச்சியிலிருந்து 15 பாகை வடக்கே, ஃபை0 = 180.

மீன்கண் படம்

முழு வானத்தையும் ஒரு வட்டத்துக்குள் காட்டும் இந்தப் படத்தில் வடக்கை மேலே வைத்தால் கிழக்கு இடப்பக்கம் வரும். அது நிலப்படம் இல்லை, மல்லாந்து கிடந்து பார்க்கிற வானம்.