தூதர் கொலை செய்தால் தப்பிவிடுவாரா? பழைய ஐரோப்பாவைப் படிக்கும்போது நேரும் தவறுகள்

"அந்தக் காலத்துத் தூதர்கள் கொலை செய்தாலும் கேள்வி கிடையாது" என்று ஒரே வரியில் முடித்துவிடுபவர்கள் 1654 ஜூலை 10 அன்று லண்டன் டவர் ஹில்லில் நடந்ததைப் படித்திருக்க மாட்டார்கள். போர்ச்சுகல் தூதரின் தம்பி பாந்தலியோன் டி சா அன்று அங்கே தலை வெட்டப்பட்டார்.

முந்தைய நவம்பரில் நியூ எக்ஸ்சேஞ்ச் கடைத்தொகுதியில் அவருக்கு ஒரு சச்சரவு. மறுநாள் ஆயுதம் தாங்கிய ஆட்களோடு பழிவாங்கத் திரும்பி வந்தார். செத்தது, சண்டையில் சம்பந்தமே இல்லாத ஓர் ஆங்கிலேயர். அண்ணனின் வீட்டில் புகுந்துகொண்டது உதவவில்லை, ஒப்படைக்க வேண்டியதாயிற்று. தானும் தூதரே என்று நீதிமன்றத்தில் வாதிட்டார். அண்ணன் ஊரில் இல்லாதபோது பொறுப்பேற்கலாம் என்ற கடிதம் அவரிடம் இருந்தது. இனிமேல் கிடைக்கக்கூடிய பதவி இன்றைய குற்றத்தைக் காக்காது என்று தள்ளிவிட்டார்கள். தம்பி தலை வெட்டப்பட்ட அதே நாளில் அண்ணன் இங்கிலாந்துடன் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். (தேதி ஆங்கிலேயரின் பழைய நாட்காட்டிப்படி, லிஸ்பனில் அன்று ஜூலை 20. இரண்டையும் கலந்தால் ஒரே நிகழ்ச்சி இரண்டாகிவிடும்.)

தூதர் வேறு, தூதரின் வீட்டார் வேறு. இதைப் பிரித்துப் பார்க்காததே முதல் சறுக்கல்.

அடுத்தது, "அன்றைய சட்டம் இதுதான்" என்று அடித்துச் சொல்வது. 1571இல் ஸ்காட்லாந்து மேரியின் தூதரான ராஸ் பிஷப் ஜான் லெஸ்லி, இங்கிலாந்தின் எலிசபெத் அரசிக்கு எதிரான சதியில் சிக்கினார். கலகத்தைத் தூண்டும் தூதர் தண்டனையிலிருந்து தன்னைக் காக்கும் உரிமையை இழக்கிறார் என்று சட்ட அறிஞர்கள் கூறினர். அவர் சிறையில் கிடந்தார். 1584இல் ஸ்பெயின் தூதர் மெண்டோசா இன்னொரு சதியில் மாட்டியபோது இத்தாலியச் சட்ட அறிஞர் அல்பெரிக்கோ ஜெண்டிலி உள்ளிட்டோரிடம் கருத்துக் கேட்கப்பட்டது. அனுப்பிவிடுங்கள், தண்டிக்காதீர்கள் என்றார்கள். அப்படியே நாடு கடத்தப்பட்டார். அரசி ஒருவரே, இடைவெளி 13 ஆண்டுகள், முடிவு வேறு. தூதருக்குப் பின்னால் இருந்த மன்னரின் பலத்தையும் கணக்கில் சேர்க்காமல் இவ்விரண்டையும் விளக்க முடியாது என்பேன்.

எனக்கு அதிகம் எரிச்சலூட்டுவது, கிறிஸ்டினாவைத் தூதரக விலக்குரிமைக்கு உதாரணம் காட்டுவது. 1654இல் ஸ்வீடன் முடியைத் துறந்தவர் அவர். 1657 நவம்பர் 10 அன்று, தான் விருந்தாளியாகத் தங்கியிருந்த பிரெஞ்சு மன்னரின் ஃபோந்தென்ப்ளோ அரண்மனையில், தன் பணியாளர் மொனால்டெஸ்கியை வெட்டிக் கொல்லச் செய்தார். குற்றச்சாட்டு, கடிதங்கள் வழியே துரோகம். அந்த மனிதர் உடைக்குள் கவசச் சட்டை அணிந்திருந்ததால் மரணம் எளிதில் வரவில்லை. அரண்மனைப் பாதிரியார் ஒருவர் மன்றாடியும் பயனில்லை. வேலையாட்களின் சண்டையில் செத்தார் என்று சொல்லிவிடும்படி பிரான்சின் முதலமைச்சர் மசாரின் யோசனை கூறினார், கிறிஸ்டினா மறுத்தார். முடி போனாலும் தான் அரசிதான், தன் ஆட்களுக்குத் தானே நீதிபதி என்பது அவர் வாதம். இதில் தூதர் எங்கே? கேள்வி இறையாண்மை பற்றியது. பின்னாளில் ஜெர்மன் தத்துவ அறிஞர் லைப்னிட்ஸ் போன்றோரும் அவர் பக்கம் நியாயம் கண்டார்கள்.

தூதரகம் அந்நிய மண் என்பதும் தவறு. 1625இல் டச்சுச் சட்ட அறிஞர் குரோஷியஸ், தூதரை நாட்டெல்லைக்கு வெளியே இருப்பவர்போலக் கருதலாம் என்றார். அந்தப் 'போல' முக்கியம்.

கடைசியாக, இந்த உரிமை கொலை வழக்குகளில் பிறந்தது என்ற எண்ணம். இங்கிலாந்தில் அதற்குச் சட்டம் வந்தது கடன் பாக்கியால். 1708 ஜூலையில் ரஷ்யத் தூதர் மத்வேயெவை அவருக்குக் கடன் கொடுத்தவர்கள் லண்டன் தெருவில் கைது செய்வித்தார்கள். ஜார் பீட்டர் கொதித்து, கைது செய்தவர்களின் உயிரைக் கேட்டார். சட்டம் இடம் தராமல் தன் குடிமக்களில் கடையவரையும் தண்டிக்க முடியாது என்றார் ஆன் அரசி. 1709 ஏப்ரலில் நிறைவேறிய சட்டத்துக்கு, கூட்டத்தொடர் தொடங்கிய 1708 என்ற ஆண்டே பெயரில் நிற்கிறது. உயிர்களுக்குப் பதிலாக, அந்தச் சட்டத்தின் சித்திர வேலைப்பாடு கொண்ட படி ஒன்று மாஸ்கோவுக்குப் போய்ச் சேர்ந்தது.