மேனேஜர் வாட்ச் பார்த்தால் எனக்கு வயிற்றுவலி

மீட்டிங்கில் மேனேஜர் வாட்சைப் பார்த்தால் போதும், எனக்கு வயிறு பிடித்துக்கொள்ளும். திட்டினால்கூட அப்படி வலிக்காது. இந்த வித்தியாசத்தைக் கவனிக்கவே ஆறு மாதம் ஆனது.

முதலில் கேஸ் என்று நினைத்துக் காபியை விட்டேன். எண்டோஸ்கோபி சுத்தமாக இருந்தது. மூச்சுப்பயிற்சி வலியைத் தள்ளிப்போட்டது, அவ்வளவுதான்.

அப்புறம்தான் சைக்கோடைனமிக் தெரபி, அதாவது பழைய அனுபவங்கள் இன்றைய மனதை எப்படி ஆட்டுகின்றன என்று பேசிப் பார்க்கும் மனநல சிகிச்சை. வாரம் ஒருமுறை, 50 நிமிடம். அறிவுரை கிடையாது, மனதில் வருவதை நாம்தான் பேச வேண்டும். ஏழு வாரம் காசு வீண் என்றே நினைத்தேன்.

எட்டாவது வாரம் தெரபிஸ்ட் சுவர்க் கடிகாரத்தை ஒருமுறை பார்த்தார். "சாரி மேடம், கிளம்புகிறேன்" என்று எழுந்துவிட்டேன். இன்னும் 20 நிமிடம் இருந்தது! வயிற்றில் அதே பிடிப்பு. "இப்போது என் இடத்தில் யார் தெரிந்தார்கள்?" என்று கேட்டார். அப்பா ஷிப்ட் முடிந்து வந்து வாட்சைக் கழற்றி மேசையில் வைக்கும் சத்தம் நினைவுக்கு வந்தது. அதன் பிறகு வீட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது.

பழைய உறவை எதிரில் இருப்பவர்மேல் ஏற்றிப் பார்ப்பதற்கு டிரான்ஸ்ஃபரன்ஸ் என்று பெயர். டோரா என்ற பெண்ணின் சிகிச்சையில் இதைச் சரியான நேரத்தில் பிடிக்கத் தவறியதாக உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய மருத்துவர் பிராய்டே 1905-இல் எழுதியிருக்கிறார். எனக்கு அது அந்த அறையிலேயே அகப்பட்டது. மேலும் நாலு மாதம் அதையே பேசினோம். இப்போது மேனேஜர் வாட்சைப் பார்த்தால், அவருக்கு அடுத்த மீட்டிங் இருக்கிறது போல என்று மட்டும் தோன்றுகிறது.