முதுகு ஆபரேஷன் பண்ணிட்டு சிரிக்கிறது எப்படி (தலகாணி அவசியம்)

எனக்கு எல்4-எல்5 டிஸ்க்குல (அடிமுதுகு எலும்பு ரெண்டுக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்குற தட்டு) ஆபரேஷன் ஆகி நாலாவது மாசம் ஓடுது. எக்சர்சைஸ் பத்தி சொல்ல பிசியோ இருக்காரு, நான் சொல்லப்போறது நடுவுல நாம படுற அவமானத்தையெல்லாம் எப்படி காமெடியா மாத்துறதுன்னு மட்டும்தான்.

மொதல்ல ஒண்ணு, முதல் பத்து நாள் சிரிச்சாலே வலிக்கும். இருமல் தும்மலும் அப்படித்தான். ஒருக்களிச்சு படுத்து முட்டிய மடக்கி, ஒரு தலகாணிய வயித்தோட இறுக்கி கட்டிப்பிடிச்சுட்டு அப்புறமா சிரிங்க. மச்சான் போன் பண்ணா தலகாணி கைக்கு வந்த பிறகுதான் நான் எடுப்பேன்.

அடுத்தது கைலி மேட்டர். குனியக்கூடாது, வெயிட் தூக்கக்கூடாது, இடுப்ப முறுக்கக்கூடாதுன்னு சொல்லித்தான் அனுப்புவாங்க, ஆனா முதுகுக்குப் போட்ட பெல்ட்டுக்கு மேல கட்டுன கைலி நிக்காதுன்னு எவனும் சொல்லல. வீட்டுக்கு வந்த ஆறாவது நாள், ரெண்டு கையும் வாக்கர்ல, ஹால்ல பாதி தூரம் போயிருப்பேன், சத்தமில்லாம வழுக்கி கணுக்கால்ல போய் உக்காந்துருச்சு. குனிய முடியாது. கால் கட்டைவிரலால கவ்வி தூக்கலாம்னா அந்த விரலுக்குப் போற நரம்புதான் அடிவாங்கினது, விரலே மரத்துப்போய் கெடக்கு. சரியா அந்த நேரம் பார்த்து திறந்த கதவுல கேஸ் சிலிண்டர் போடுற தம்பி. அவனும் நானும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டே நிக்கிறோம். கடைசில பொண்ணு துணி காயப்போடுற குச்சிய எடுத்துட்டு வந்து தூக்கி குடுத்தா.

அன்னைக்கு எனக்கு சிரிப்பு வரல, சத்தியமா அழுகைதான் வந்துச்சு. ராத்திரி மச்சான்கிட்ட சொல்லும்போதுதான், குச்சி வர்ற இடத்துல, நானே தலகாணிய தேடிட்டேன். அதனால உடனே சிரிக்கணும்னு உங்கள போட்டு வதைக்காதீங்க, அன்னைக்கு ராத்திரிக்குள்ள யாராவது ஒருத்தர்கிட்ட ஒண்ணு விடாம சொல்லிடுங்க, அது போதும். (அப்புறம் எலாஸ்டிக் வெச்ச ஷார்ட்ஸ் ரெண்டு வாங்கிடுங்க.)

வலி மாத்திரைல டிரமடால் மாதிரி ஏதாவது இருந்தா மலச்சிக்கல் வரும், முக்கவும் கூடாது. தண்ணி நிறைய குடிங்க, டாக்டர்கிட்ட வெக்கப்படாம சிரப் கேளுங்க. எங்க வீட்ல மூணு நாள் வெஸ்டர்ன் டாய்லெட் வாசல்ல பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு நிக்கிற மாதிரி நின்னாங்க. நாலாவது நாள் எங்கம்மா கேட்ட "போச்சா?" எதிர்வீடு வரைக்கும் கேட்டுச்சு. எதிர்வீட்டு அக்கா சாயங்காலம் வந்து சந்தோஷம்னாங்க.

பாக்க வர்றவங்க பாதி பேரு "ஆபரேஷன் இல்லாமலே சரி பண்ணிருக்கலாமே" னுவாங்க, மீதி பேரு புத்தூர் கட்டு போட்டிருக்கலாம்னுவாங்க. கோவப்பட்டா நமக்குத்தான் இழுத்துப்பிடிக்கும். நானும் பொண்ணும் காலண்டர்ல கோடு போட ஆரம்பிச்சோம், ஒரே ஞாயித்துக்கிழமைல 11. சித்தப்பா வாயத் திறக்கும்போதே அவ பேனாவ எடுத்துட்டா.

கஷ்டமான கட்டம் அஞ்சாவது வாரம். 20 நிமிஷம் நடந்துட்டிருந்தவன் கால்ல மறுபடி மின்சாரம் அடிச்ச மாதிரி இழுத்து 5 நிமிஷத்துக்கு எறங்கிட்டேன். டாக்டர் பாத்துட்டு நரம்பு ஆற டைம் எடுக்கும், பயப்படாதீங்கன்னாரு. இந்த மாதிரி நாள்ல வெளியாள் ஜோக் அடிச்சா வெறுப்புதான் வரும். அதனால எங்க வீட்ல ஒரு சட்டம், என்னைய கிண்டல் பண்ற உரிமை எனக்கு சாக்ஸ் மாட்டிவிட்டவங்களுக்கு மட்டும்தான். அந்த வலிக்கு நாங்க ஹவுஸ் ஓனர்னு பேரு வெச்சோம், எப்ப வருவாருன்னு தெரியாது, வந்தா சீக்கிரம் போகமாட்டாரு.

ஆனா சிலத சிரிச்சு தள்ளவே கூடாது. யூரின் வராம அடைக்குது, இல்ல தெரியாமலே போயிடுது, உக்கார்ற இடம் மரத்துப்போச்சு, செருப்பு கழண்டு விழுற மாதிரி பாதம் தொங்குது, காய்ச்சல், தையல்ல கசிவு, இதுல எது வந்தாலும் விடியட்டும்னு காத்திருக்காம உடனே ஆஸ்பத்திரி.

நேத்து மறுபடி சிலிண்டர் வந்துச்சு. தம்பி வாசல் கேட் கிட்ட நின்னுட்டு முகத்த அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டே கேக்குறான், "அண்ணே, உள்ள வரலாமா, எல்லாம் கட்டியிருக்கீங்களா?"