பழைய பாய்ப்படகு இரண்டில் எதை வாங்குவது? அளந்து ஒப்பிடும் முறை

இங்கிலாந்தில் இருக்கும் என் மச்சான், ஓய்வு பெற்றதும் ஒரு பாய்ப்படகு வாங்கி அதிலேயே வல்வெட்டித்துறைக்கு வந்து சேர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். நல்ல ஆசை. நம்முடைய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் இங்கிருந்து புறப்பட்டு 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் போய்ச் சேர்ந்த ஊர் இது. அவர் பார்த்து வைத்தவை இரண்டு: வெஸ்டர்லி சென்டோர் ஒன்று, கொண்டெசா 32 ஒன்று. இரண்டும் பைபர்கிளாஸ், இரண்டும் பழையவை. அவருக்காக ஒப்பிட்டுப் பார்த்த முறையை அப்படியே தருகிறேன். பாய் ஏற்றவும் சுக்கான் பிடிக்கவும் தெரிந்தவர்களுக்கான குறிப்பு இது.

1. முதலில் தண்ணீரைப் பாருங்கள்

படகின் அழகைப் பார்க்கும் முன், அதை எங்கே கட்டப்போகிறீர்கள் என்று முடிவெடுங்கள். சென்டோருக்கு அடியில் இரண்டு குட்டைக் கீல்கள் (படகின் அடியில் தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் பாரமான துடுப்பு போன்ற பகுதி). 3 அடித் தண்ணீர் இருந்தால் மிதக்கும். கொண்டெசாவுக்கு ஒரே ஆழமான கீல். அதற்கு ஐந்தரை அடி வேண்டும். யாழ்ப்பாணக் கடனீரேரியில் ஆளுயரத் தண்ணீர் இல்லாத இடங்களே அதிகம். ஊர்காவற்றுறை, குறிகட்டுவான் பக்கமாகத் தீவுகளைச் சுற்றித் திரிவதுதான் உங்கள் நோக்கம் என்றால் மேலே படிக்கவே தேவையில்லை, சென்டோர்தான். கொண்டெசாவை வாங்கினால் திருகோணமலை போன்ற ஆழமான துறை வேண்டும்.

2. கவிழ்வுக் கணக்கு

இந்தப் படியில்தான் பொறுமை வேண்டும். 1979ஆம் ஆண்டு ஃபாஸ்ட்நெட் பாய்ப்படகுப் பந்தயத்தில் புயல் அடித்துப் பந்தயத்தில் ஓடியவர்கள் 15 பேர் இறந்தார்கள். அதன் பிறகு நடந்த ஆய்வுகளில் பிறந்த சூத்திரம் இது. படகின் எடையை இறாத்தலில் எடுத்து 64ஆல் வகுக்க வேண்டும். வரும் விடைக்குக் கனமூலம் எடுத்து, படகின் அகலத்தை (அடியில்) அதனால் வகுக்க வேண்டும். விடை 2க்குக் கீழே இருந்தால் ஆழ்கடலுக்குப் போகலாம் என்பது கணக்கு.

விளம்பரங்களில் எடையைக் கிலோவில் போடுகிறார்கள், அகலத்தை அடியில் போடுகிறார்கள். அங்கேதான் கணக்கு சறுக்கும். கொண்டெசாவின் எடை ஏறத்தாழ 4,300 கிலோ. அதை அப்படியே 64ஆல் வகுத்தால் கடைசியில் 2.34 வரும்; அருமையான கடற்படகு ஒன்று ஆபத்தானது என்று ஒதுக்கப்பட்டுவிடும். 64 என்பது ஒரு கன அடி கடல்நீரின் எடை, இறாத்தலில். அதை விளங்கிக்கொண்டால் குழப்பமே இல்லை. கிலோவும் மீட்டரும்தான் கையில் இருக்கிறதா? 64க்குப் பதிலாக 1025ஆல் வகுங்கள், அகலத்தையும் மீட்டரில் போடுங்கள். அதே விடை வரும்.

சரி, இரண்டையும் போட்டுப் பார்ப்போம். சென்டோர்: 6,700 இறாத்தலை 64ஆல் வகுத்தால் 104.7, கனமூலம் 4.71, அகலம் 8.42 அடி. விடை 1.79. கொண்டெசா: 9,500 இறாத்தலை 64ஆல் வகுத்தால் 148.4, கனமூலம் 5.30, அகலம் 9.5 அடி. விடை அதே 1.79!

ஒரே எண், ஆனால் ஒரே படகு இல்லை. பாரம் எந்த ஆழத்தில் தொங்குகிறது என்பது இந்தச் சூத்திரத்துக்குத் தெரியாது. எனவே அடிப்பாரத்தை (படகு கவிழாமல் இருக்கக் கீலில் வைத்திருக்கும் எடையை) மொத்த எடையால் வகுத்தும் பாருங்கள்: சென்டோரில் 42 சதவீதம், கொண்டெசாவில் 47 சதவீதம். கொண்டெசாவில் அந்தப் பாரம் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. சாய்ந்தால் இழுத்து நிமிர்த்தும் பலம் அதற்கே அதிகம். அந்த ஃபாஸ்ட்நெட்டில் மிகச் சிறிய படகுகளின் வகுப்பில் ஓட்டத்தை முடித்த ஒரே படகும் ஒரு கொண்டெசா 32தான்.

அரபிக் கடலைக் கடந்து கிழக்கே வருபவருக்கு வாடைக் காற்று முகத்தில் அடிக்கும். சோளகத்தில் (தென்மேற்குக் காற்றில்) வந்தால் காற்று பின்னால் இருக்கும், ஆனால் கடல் குமுறும். காற்றை எதிர்த்து ஏற ஆழமான கீலே உதவும். குட்டைக் கீல் படகு பக்கவாட்டில் வழுக்கிப் போகும். ஆகவே மச்சானின் பயணத்துக்கு என் வாக்கு கொண்டெசாவுக்கு.

3. தட்டிப் பாருங்கள்

ஈரமானி வாங்கச் சொல்வார்கள். நான் அதை நம்புவதில்லை; பனி படிந்த தளத்திலும் அது கத்தும். பிளாஸ்டிக் தலை வைத்த சிறிய சுத்தியல் போதும். மேல்தளத்தை ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். இரண்டு பைபர் தோலுக்கு நடுவே பல்சா மரம் வைத்த தளம் என்றால் நல்ல இடம் ‘டக்’ என்று கணீரென ஒலிக்கும், உள்ளே ஊறிய இடம் ‘தொப்’ என்று அடங்கும். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் தளத்தில் இறங்கும் இடங்களையும், ஆணி துளைத்த இடங்களையும் விட்டுவிடாதீர்கள், தண்ணீர் இறங்குவது அங்கேதான். சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போட்டுக்கொண்டே வந்தால் நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்று கண்ணுக்கே தெரியும். இரண்டு படகிலும் ஒரே கோணத்தில் படம் எடுத்து வையுங்கள்.

4. மற்றவை

எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். நீங்கள் போகும் முன்பே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் போங்கள். கம்பிகள் எந்த ஆண்டு மாற்றப்பட்டவை என்று பில்லோடு கேளுங்கள். 10, 15 வருடம் தாண்டியிருந்தால் புதுக் கம்பியின் செலவை விலையில் கழியுங்கள்.

பின்சேர்க்கை

“சென்டோர் தரை தட்டினாலும் நிமிர்ந்து நிற்குமே, பெருக்கில் தானே மிதந்துவிடாதா?” என்று ஒருவர் கேட்டிருந்தார். பெருக்கு பல மீட்டர் ஏறும் இங்கிலாந்துக் கரையில் அது சரி. நம் பக்கத்தில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே ஒரு மீட்டர்கூட இல்லை. பெருக்கு நேரத்தில் மணலில் ஏறிவிட்டால் இழுக்கத்தான் ஆள் வேண்டும்.

அப்புறம், சென்டோர் பார்க்கப் போகிறவர்கள் உள்ளே தரைப்பலகையைத் தூக்கி, இரண்டு கீலும் உடம்போடு சேரும் இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். அந்த மாதிரியில் பேர்போன பலவீனம் அதுதான். மயிரிழை வெடிப்பு, துருக் கோடு எது தெரிந்தாலும், அங்கே பைபர் அடுக்கிப் பலப்படுத்தும் செலவைக் கேட்டறிந்த பிறகே விலை பேசுங்கள். முன்பே பலப்படுத்திய படகு கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் அதை எடுங்கள்.