என்விரான்மென்ட் வேரியபிள்: சர்வரில் சோதிக்கும்போது செய்யும் தவறுகள்

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் விசைப்படகுக்காரர்கள் சிலருக்காகச் சின்னதாக ஒரு வலைத்தளம் செய்தேன். மீன் விலை, காற்று எச்சரிக்கை, தடைக்கால அறிவிப்பு, அவ்வளவுதான். டேட்டாபேஸ் பாஸ்வேர்டை என்விரான்மென்ட் வேரியபிளில் வைத்தேன், அதாவது நிரலுக்குள் எழுதாமல், வெளியே இருந்து அது படிக்கும் ஒரு பெயரிட்ட மதிப்பாக. டெர்மினலில் எக்கோ (மதிப்பைக் காட்டும் கட்டளை) கொடுத்தால் பளிச்சென்று வருகிறது. தளத்தில் காலி.

டெர்மினலில் பார்த்ததும் சோதித்தாயிற்று என்று எழுந்துவிடுவதுதான் முதல் தவறு. நாம் எக்ஸ்போர்ட் செய்வது நம் ஷெல்லுக்கும் (டெர்மினலில் கட்டளை வாங்கும் நிரல்), அதிலிருந்து கிளம்பும் ப்ராசஸ்களுக்கும் (ஓடும் நிரல்கள்) மட்டும். லினக்ஸில் சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டி கிளப்புகிற சர்வர், நம் ஷெல்லின் அமைப்புக் கோப்பான பாஷ்ஆர்சி பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. சரி, சர்வீஸ் கோப்பிலேயே எழுதி ரீஸ்டார்ட் செய்தேன். அப்போதும் காலி! தளத்தின் பிஎச்பி நிரலை ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம், தன் வொர்க்கர்களிடம் (வேலை செய்யும் ப்ராசஸ்கள்) வேரியபிள்களைத் துடைத்துவிடுகிறது. கிளியர்_என்வ் அமைப்பு இயல்பாகவே ‘யெஸ்’. வெப் சர்வரான என்ஜின்எக்ஸும் இதே ரகம்தான். நேர மண்டலத்தைச் சொல்லும் டிஇசட் தவிர மற்றதைக் கழற்றிவிடும். வேண்டியதை அதன் அமைப்புக் கோப்பில் என்வ் வரியில் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். ஓடும் ப்ராசஸ்களின் விவரத்தை லினக்ஸ் காட்டும் ப்ராக் அடைவில் உள்ள என்விரான் கோப்பை நம்பலாமா? அது ப்ராசஸ் கிளம்பியபோது இருந்ததைத்தான் காட்டும், பிறகு துடைத்ததைக் காட்டாது. ஆகவே அந்த வலைப்பக்கத்துக்குள்ளேயே, வேரியபிளைப் படிக்கும் கெட்என்வ் போட்டுப் பாருங்கள். அதற்காக பிஎச்பியின் அமைப்புகளையெல்லாம் காட்டும் பிஎச்பிஇன்ஃபோ பக்கத்தைத் திறந்துபோட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள், பாஸ்வேர்டும் அதில் தெரியும்.

மதிப்பு வந்தால் மட்டும் போதாது. வருவதெல்லாம் எழுத்துத்தொடர்தான். ‘ஃபால்ஸ்’ என்று வைத்தால் பிஎச்பி அதை உண்மை என்றே எடுத்துக்கொள்ளும். வெளியாள் கோரிக்கையோடு அனுப்பும் ஹெட்டரும் (கூடுதல் தகவல் வரி), சர்வர் கோரிக்கையை நிரலுக்குக் கைமாற்றும் சிஜிஐ முறையில் வேரியபிளாக மாறும். ‘ப்ராக்ஸி’ என்ற ஹெட்டர் எச்டிடிபி_ப்ராக்ஸி ஆகிவிடும். தம் வெளிக் கோரிக்கைகளை எந்த வழியாக அனுப்புவது என்று சில நிரல்கள் பார்ப்பது அந்த வேரியபிளைத்தான். 2016இல் எச்டிடிபாக்ஸி என்று பேர் வாங்கிய ஓட்டை இதுதான். கோரிக்கை அனுப்பும் கட்டளையான கர்லில் அந்த ஹெட்டரையும் ஒருமுறை அனுப்பிப் பார்த்துவிடுங்கள்.

என்னை மாட்டிவிட்டது நேரம். டிஇசட்டில் ஏசியா/கொல்கத்தா என்று வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். பிஎச்பியின் தேதிக் கணக்கோ 5.4 பதிப்பிலிருந்தே டிஇசட்டைக் கண்டுகொள்வதில்லை, டேட்.டைம்ஸோன் அமைப்பைத்தான் பார்க்கும். அதை நான் வைக்கவில்லை. தளம் உலகப் பொது நேரமான யூடிசியில் ஓடியது, நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். சோதித்ததெல்லாம் பகலில், பகலில் இரண்டுக்கும் ஒரே தேதிதான்.

ஏப்ரல் 15, 61 நாள் தடைக்காலத்தின் முதல் நாள். விடியற்காலை 5.30 வரை தளத்தில் தடை அறிவிப்பு இல்லை. நாலரைக்கே போன் வந்தது: “என்ன தம்பி, ஒங்க கம்ப்யூட்டருக்கு மட்டும் இன்னைக்கும் கடலுக்குப் போக டோக்கன் குடுத்துட்டாங்களா?”